ஈயறை அறிஞர் மார்கன்

மயிலின் ஆட்டத்தைப் பாடாத தமிழ்க் கவிஞர் அரியர். கார்முகில் கண்ட களிப்பில் அது தோகை விரித்தது என்று காலங்காலமாகப் பாடி வந்திருக்கிறோம். ஆடும் மயிலின் எதிரே தோகையில்லாத பெடை ஒன்று நிற்பதையும் நம் மரபு அறியும். அந்தப் பெடையின் பார்வைக்கு ஏதேனும் பயன் உண்டா என்ற வினாவை அறிவியல் உலகில் விரிவாக எழுப்பியவர் சார்லஸ் டார்வின். மனிதனின் வழித்தோற்றம் குறித்து 1871இல் அவர் வெளியிட்ட பெருநூலில் அதற்கு விடையும் தந்தார். பெடை தேர்ந்தெடுக்கிறது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணின் அழகு அதன் மக்களுக்குச் செல்கிறது, இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தோகை வளர்ந்தது என்பது அவ்விடை. இதனைப் பாலினத் தேர்வு என்பர்.

தமிழ் பயிற்றும் எனக்கு இத்துறையோடு என்ன உறவு என்று நம் வட்டத்து நண்பர்கள் கேட்கக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியை ஒருவர் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை உருப்பெருக்கியின்கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். அழுகிய வாழைப்பழத்தின்மேல் மொய்க்கும் பழ ஈக்கள் அதனுள் இருந்தன. ஆண் ஈ ஒன்று பெண் ஈயின் பின்னே சென்றது. முன்னங்காலால் மெல்லத் தட்டியது. பிறகு ஒரு பக்கத்துச் சிறகை மட்டும் நீட்டி அதிரச் செய்தது. பெண் ஈ ஓடியது, நின்றது, பின்காலால் உதைத்தது, மீண்டும் ஓடியது. அந்த அதிர்வு ஒரு பாட்டு என்றும், அதைக் கேட்டபின் ஏற்பதோ மறுப்பதோ பெண் ஈயின் முடிவு என்றும் பேராசிரியை விளக்கினார். பின்னர் அவர் சொன்ன செய்தியே இக்கட்டுரைக்கு வித்து. இந்த ஈக்களை உலக ஆய்வகங்களில் நிலைபெறச் செய்த மாமனிதர் பெண்ணின் தேர்வு என்னும் கருத்தை நம்பவில்லை என்றார் அவர். அம்மாமனிதர் தாமஸ் ஹன்ட் மார்கன். பத்தாம் ஆண்டு மலருக்கு அவர் வாழ்க்கையை எழுதத் துணிந்தேன்.

குடியும் கல்வியும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் 1866 செப்டம்பர் 25ஆம் நாள் மார்கன் பிறந்தார். பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து மரபுவழிச் செல்லும் பண்புகளின் கணக்கை வகுத்த மெண்டலின் கட்டுரை அச்சேறிய ஆண்டும் அதுவே. அக்கட்டுரை முப்பத்துநான்கு ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

மார்கனின் குடும்பம் தென் மாநிலங்களில் புகழ்பெற்ற குடும்பம். சிற்றப்பெரியப்பன்மார் உள்நாட்டுப் போரில் தென்னவர் பக்கம் நின்றவர்கள். அவர்களுள் ஜான் ஹன்ட் மார்கன் குதிரைப்படைத் தளபதியாக இருந்து 1864இல் போரில் மாண்டவர். தாய்வழியில், அமெரிக்க நாட்டுப் பண்ணை இயற்றிய பிரான்சிஸ் ஸ்காட் கீ இவருக்குப் பூட்டனார். ஒரு பக்கம் வீரமும் மறுபக்கம் கவிதையும் வந்து கூடிய குடியில் பிறந்த சிறுவனோ பறவை முட்டைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தேடி வயல்வெளியில் அலைந்தான். குடிப்பெருமையைப் பேசும் வழக்கம் இறுதிவரை அவரிடம் இருந்ததில்லை.

1886இல் கென்டக்கி அரசுக் கல்லூரியில் பட்டம் பெற்ற மார்கன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கடற்சிலந்திகளின் கருவளர்ச்சியை ஆராய்ந்து 1890இல் முனைவர் பட்டம் பெற்றார். எலும்புகளையும் வடிவங்களையும் ஒப்பிட்டு உயிர்களின் முன்னோரைக் கற்பித்துக் கூறுவதே அக்கால உயிரியலின் போக்கு. அப்போக்கில் மார்கனுக்கு மனம் ஒன்றவில்லை. 1894இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடலுயிர் நிலையத்தில் சில மாதங்கள் தங்கினார். கருமுட்டைகளைப் பிரித்தும் வெட்டியும் சோதனை செய்யும் புதிய அறிஞர் கூட்டம் அங்கே இருந்தது. சோதனைக்கு உட்படாத எதையும் ஏற்பதில்லை என்ற உறுதி அங்கேதான் அவர் உள்ளத்தில் ஊன்றியது. அவருடைய வெற்றிகளுக்கும் ஒரு பெரும் மறுப்புக்கும் அவ்வுறுதியே வேர்.

மகளிர் கல்லூரியில்

1891 முதல் 1904 வரை பதின்மூன்று ஆண்டுகள் பென்சில்வேனியாவிலுள்ள பிரின் மார் மகளிர் கல்லூரியில் மார்கன் பணியாற்றினார். பெண்களுக்கு முனைவர் பட்டம் வழங்கிய மிகச் சில நிறுவனங்களுள் அது ஒன்று. வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலரும் இப்பகுதியை விரைந்து கடந்து கொலம்பியாவிற்குச் சென்றுவிடுவர். நான் இங்கே சற்று நிற்க விரும்புகிறேன்.

1900இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் பெண்மணி இக்கல்லூரிக்கு ஆய்வு மாணவியாக வந்தார். வெர்மான்ட் மாநிலத்தில் 1861இல் பிறந்தவர்; ஆசிரியப் பணி செய்து பொருள் சேர்த்து, முப்பது வயதைக் கடந்தபின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்றவர். ஆய்வுப் பேராசிரியராயிருந்த மார்கனைவிட ஐந்து வயது மூத்தவர். 1903இல் முனைவர் பட்டம் பெற்ற ஸ்டீவன்ஸின் ஆய்வுக்கு நிதி வேண்டி மார்கன் பரிந்துரைக் கடிதம் எழுதினார். நிதியும் கிடைத்தது.

அந்நிதியின் துணையால் மாவுப் புழுவின் வண்டை ஆராய்ந்தார் ஸ்டீவன்ஸ். பெண் வண்டின் உயிரணுவில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆணின் உயிரணுவிலோ 19 பெரியவை. இருபதாவது மிகச் சிறியது. அச்சிறியதைப் பெற்ற விந்தணு ஆணையும், பெரியதைப் பெற்ற விந்தணு பெண்ணையும் தோற்றுவிக்கும் என்று 1905இல் அவர் எழுதினார். பிறக்கும் உயிர் ஆணா பெண்ணா என்ற வினாவுக்கு உணவு, வெப்பம், தாயின் உடல்நிலை என்று பலரும் காரணம் தேடிய காலம் அது. அதே ஆண்டில் கொலம்பியாவைச் சேர்ந்த எட்மண்ட் வில்சனும் தனியே இத்தகைய முடிவுக்கு வந்தார்.

தம் மாணவியின் இம்முடிவை மார்கன் உடனே ஏற்கவில்லை. குரோமோசோம்களே மரபைச் சுமக்கின்றன என்ற கொள்கையும், மெண்டலின் கணக்கும், டார்வினின் இயற்கைத் தேர்வும் அவருக்கு அப்போது ஐயத்திற்குரியனவே. ஐயுற்றபோதும் ஆய்வுக்குத் துணைநின்றார். இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது. ஆய்வு மாணவர்களை வழிநடத்தும் எவரும் இதன் அருமையை உணர்வர்.

புனைகதை என்று ஒதுக்கியது

பிரின் மாரில் இருந்தபோது, 1903இல், பரிணாமமும் தகவமைப்பும் குறித்து ஒரு நூலை மார்கன் வெளியிட்டார். அதன் ஒரு பகுதி பாலினத் தேர்வுக் கொள்கையின் மறுப்பு. பல பக்கங்களுக்கு நீளும் தடைகளில் ஒன்று மிக நுட்பமானது.

ஆணின் அழகு வளர்ந்ததற்குப் பெண்ணின் சுவையுணர்வு காரணம் என்றால், அச்சுவையுணர்வு எங்கிருந்து வந்தது? அழகு ஒரு படி ஏற, அதைச் சுவைக்கும் உணர்வும் ஒரு படி ஏற, மீண்டும் அழகு ஏற, இவ்வாறு இரண்டும் ஒன்றையொன்று உயர்த்திச் சென்றன என்று கொள்வதா? அப்படிக் கதை கட்டலாம். சுவையான கதையாகவும் இருக்கும். ஆனால் அதை யார் நம்புவார், நம்பினாலும் யாரால் மெய்ப்பிக்க இயலும் என்று வினவி அக்கருத்தைப் புறந்தள்ளினார்.

அவர் எள்ளி ஒதுக்கிய அந்தக் கதையே பின்னாளில் கொள்கையாயிற்று. இங்கிலாந்தின் ரொனால்டு ஃபிஷர் 1915இல் ஒரு கட்டுரையிலும் 1930இல் ஒரு நூலிலும் அதனை வகுத்துரைத்தார். நீண்ட தோகையை விரும்பும் பெடை நீண்ட தோகையுள்ள ஆணைக் கூடுகிறது. மகன் தந்தையின் தோகையைப் பெறுகிறான். மகள் தாயின் விருப்பத்தைப் பெறுகிறாள். தோகையும் விருப்பமும் ஒரே குடும்பத்தில் பிணைந்து வழிவழிச் செல்வதால் ஒன்று வளர மற்றொன்றும் வளர்கிறது. அழகும் அதைச் சுவைக்கும் உள்ளமும் ஒன்றாக வளர்ந்தன என்னும் இக்கருத்து கவிஞர்களுக்கு வியப்பளிக்காது. பாட்டும் சுவைஞரும் ஒருவரையொருவர் வளர்ப்பதை நம் வட்டத்தின் பத்தாண்டுகளிலேயே கண்டிருக்கிறோம்.

ஃபிஷர் காட்டிய பிணைப்பு விளங்க வேண்டுமானால், பண்புகள் எவ்வாறு சேர்ந்தும் பிரிந்தும் மரபுவழிச் செல்கின்றன என்ற அறிவு வேண்டும். அவ்வறிவைச் சோதனையால் உலகுக்குத் தந்தவர் மார்கனே. கதை என்று அவர் கைவிட்டதை மெய்ப்பிக்கும் கருவியை அவர் கைகளே செய்தன. அவர் வாழ்வின் பெரிய முரண் இது.

ஈயறை

1904இல் இரு மாற்றங்கள் நேர்ந்தன. பிரின் மாரில் பயின்று கருவியலில் ஆய்வு செய்துவந்த லிலியன் வான் சாம்ப்சனை மார்கன் மணந்தார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் அமர்ந்தார்.

கொலம்பியாவில் ஷெர்மர்ஹார்ன் கட்டடத்தில் 16 அடிக்கு 23 அடி அளவான ஓர் அறை. அதில் எட்டு மேசைகள். பால் புட்டிகளில் பழ ஈக்கள். அழுகிய வாழைப்பழ மணம் எந்நேரமும் வீசும். அதுவே பின்னர் ஈயறை என்று உலகப் புகழ்பெற்றது. பழ ஈ பத்து அல்லது பன்னிரண்டு நாளில் முட்டையிலிருந்து முழு ஈயாகிவிடும். ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தீனிக்குச் செலவு மிகக் குறைவு. துறைப் பணத்தைச் செலவிட அஞ்சும் மார்கனுக்கு ஏற்ற உயிரி. தம் சொந்தப் பணத்தையோ மாணவர்க்குத் தாராளமாகக் கொடுப்பார். இடைவார் கிடைக்காத நாளில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தார் என்றும், எண்ணி முடித்த ஈக்களைக் கையாலேயே நசுக்கிவிடுவார் என்றும் அவரைப் பற்றிப் பல செய்திகள் வழங்குகின்றன.

ஈயறையின் அன்றாட ஒழுங்கில் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். பெண் ஈ ஒருமுறை கூடினால் அந்த விந்தணுக்களை உடலில் சேமித்து வைத்து, பல நாள் முட்டைகளுக்குப் பயன்படுத்தும். எனவே எந்த ஆணின் குஞ்சு எது என்று அறிய வேண்டுமானால், கூட்டிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈயைத் தனியே பிரித்துவிட வேண்டும். பிறகு ஆய்வாளர் தாம் வேண்டும் ஆணை அதனோடு புட்டியில் இடுவார். நம் வழக்கில் சொன்னால், பெரியோர் பார்த்து முடித்துவைக்கும் மணம். மரபின் கணக்கு இம்முறையால் துல்லியமாகத் தெரிந்தது. ஆயினும் ஒரே ஆண் உள்ள புட்டியில் பெண்ணின் தேர்வு எப்படித் தெரியும்? எதைக் காண வேண்டும் என்று முறை வகுக்கிறோமோ அதுவே கண்ணிற்படும். மற்றது அருகிலேயே இருந்தும் மறைந்துவிடும்.

வெண்கண் ஈ

1910இல் அந்த ஈ தோன்றியது. செங்கண் ஈக்களுக்கு நடுவே வெண்கண்ணோடு ஓர் ஆண். அவ்வாண்டின் தொடக்கத்தில் மார்கன் இணையருக்கு மூன்றாம் குழந்தை பிறந்திருந்தது. மருத்துவமனைக்குச் சென்ற கணவரிடம் லிலியன் முதலில் வெண்கண் ஈயின் நலத்தைக் கேட்டார் என்றும், குழந்தையின் நலத்தை அதன் பின்னரே பேசினார்கள் என்றும் அக்குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

வெண்கண் ஆணைச் செங்கண் பெண்களோடு இணைத்தார் மார்கன். பிறந்த 1,237 ஈக்களும் செங்கண் உடையவை. வேறாக மூன்று மட்டுமே வெண்கண். அச்செங்கண் மக்களைத் தம்முள் இணைத்தபோது அடுத்த தலைமுறையில் 2,459 செங்கண் பெண்கள் தோன்றின. ஆண்களில் செங்கண்ணும் இருந்தன, வெண்கண்ணும் இருந்தன. வெண்கண் பெற்றவற்றுள் பெண் ஒன்றுகூட இல்லை. மெண்டல் கணக்கு மெய்யாயிற்று; கண்ணின் நிறம் ஆண் பெண் பாகுபாட்டோடு பிணைந்து செல்வதும் புலனாயிற்று. பாலை வகுக்கும் குரோமோசோமிலேயே கண்ணின் நிறமும் அமைந்திருக்க வேண்டும். அதாவது, ஐந்தாண்டுகளுக்கு முன் ஸ்டீவன்ஸ் காட்டிய குரோமோசோமே இதற்கும் விடை.

அதே ஆண்டில் குரோமோசோம் கொள்கைக்கு எதிராகக் கட்டுரை எழுதியிருந்த மார்கன், சில மாதங்களில் தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். வாதத்தில் தோற்றதாக அவர் கருதவில்லை. ஈக்கள் காட்டின, ஏற்றுக்கொண்டார். 1916இல் வெளியிட்ட நூலில் இயற்கைத் தேர்வுக்கும் இடமளித்தார்.

நெட்டி ஸ்டீவன்ஸ் இந்த வளர்ச்சியை நெடுநாள் காணவில்லை. மார்பகப் புற்றுநோயால் 1912 மே மாதம் தம் ஐம்பதாம் வயதில் மறைந்தார். பிரின் மார் கல்லூரி அவருக்கென உருவாக்கிய ஆய்வுப் பேராசிரியர் பதவியில் அமரவும் காலம் இடந்தரவில்லை. மார்கன் அவருக்கு இரங்கற் கட்டுரை எழுதி, உழைப்பையும் கூர்ந்த நோக்கையும் பாராட்டினார். எனினும் பாலை வகுக்கும் குரோமோசோமைக் கண்டவர் என்று பாடநூல்கள் நெடுங்காலம் வில்சனையே முன்னிறுத்தின. ஸ்டீவன்ஸின் பெயர் உரிய இடம் பெற அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

ஸ்டர்டிவன்ட் கண்டது

ஈயறையில் மூன்று இளைஞர்கள் மார்கனுக்குத் துணையாயினர். குப்பி கழுவ வந்து, தடித்த கண்ணாடியினூடே புதிய கண்ணிறத்தைக் கண்டுபிடித்துக் கூர்ங்கண்ணர் என்று பெயரெடுத்தவர் கால்வின் பிரிட்ஜஸ். கொள்கை நுட்பத்தில் தேர்ந்தவர் ஹெர்மன் முல்லர். தம் கருத்துகளுக்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. மூன்றாமவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட். பட்டப்படிப்பு மாணவராக இருக்கும்போதே 1911இல் ஓர் இரவு வீட்டுப்பாடங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, குரோமோசோமில் மரபணுக்கள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பதை வரைபடமாக்கியவர். 1913இல் வெளிவந்த அப்படத்தில் மஞ்சள் உடல், வெண்கண் முதலியன இடம்பெற்றன.

அதே ஸ்டர்டிவன்ட் 1915இல் ஈக்களின் கூடலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சிறகு வெட்டப்பட்ட ஆண்கள், சிறகுள்ள ஆண்களோடு போட்டியிடும்போது பின்தங்குவதைக் கண்டார். வெண்கண் ஆண்கள் செங்கண் ஆண்களிடம் தோற்பதையும் மஞ்சள் உடல் ஆண்களுக்குக் கூடல் எளிதில் வாய்க்காமையையும் குறித்தார். ஆனால் இதனைப் பெண்ணின் சுவைத் தேர்வு என்று அவர் கூறத் துணியவில்லை. சிறகின் அசைவு பெண்ணைக் கிளர்ச்சியுறச் செய்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். ஆசிரியரின் நிழல் அதில் விழுந்திருக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது.

மார்கனும் தம் நிலையில் நின்றார். 1919இல் ஆண் பெண் வேறுபாட்டு அடையாளங்கள் குறித்து ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். செப்ரைட் என்னும் கோழி வகையில் சேவலுக்கும் பெட்டையைப் போன்ற இறகே இருக்கும். அச்சேவலின் விதைகளை நீக்கியபோது அது நீண்ட சேவல் இறகுகளை வளர்த்தது. இறகின் வடிவு உடலில் சுரக்கும் பொருளால் அமைகிறது என்று அவர் காட்டினார். அருமையான சோதனை. ஆயினும் இறகு எப்படி வளர்கிறது என்ற வினா வேறு. அது ஏன் நிலைபெற்றது என்ற வினா வேறு. முதல் வினாவின் விடையை இரண்டாவதற்கும் போதுமானதாக அவர் கொண்டுவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

லிலியனின் ஈ

நான்கு குழந்தைகளை வளர்ப்பதற்காக லிலியன் பல ஆண்டுகள் ஆய்வை நிறுத்தி வைத்திருந்தார். கடைசி மகள் இசபெல் பள்ளி செல்லத் தொடங்கியபின் ஈயறைக்குத் திரும்பினார். அவருக்குப் பதவி இல்லை, ஊதியம் இல்லை. இடம் மட்டும் கிடைத்தது.

1921இல் அவர் கண்ணில் விந்தையான ஓர் ஈ பட்டது. இயல்பாக ஆண் ஈ தன் எக்ஸ் குரோமோசோமைத் தாயிடமிருந்தே பெறும். இந்த ஈயின் வழிவந்தவற்றிலோ தந்தையின் எக்ஸ் மகனுக்கும், தாயின் எக்ஸ் இரண்டும் மகளுக்கும் சென்றன. தாயின் இரு எக்ஸ் குரோமோசோம்களும் ஒன்றாக ஒட்டியிருந்ததே காரணம். 1922இல் லிலியன் இதனைத் தம் பெயரில் தனியே வெளியிட்டார். குரோமோசோம் கொள்கைக்கு இது சிறந்த சான்றாயிற்று. ஒட்டிய எக்ஸ் ஈக்கள் உலகின் ஆய்வகங்களுக்கெல்லாம் பரவின. இவ்வீயைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இறுதி ஆண்டுகள்

1928இல் கலிபோர்னியாவின் பாசடீனாவுக்குச் சென்று, அங்குள்ள தொழில்நுட்பக் கழகத்தில் உயிரியல் துறையை மார்கன் நிறுவினார். 1933இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. அவ்வாண்டு டிசம்பர் விழாவுக்கு அவர் செல்லவில்லை. மறு ஆண்டு சென்று உரையாற்றினார். பரிசுத் தொகையைத் தம் மக்களுக்கும், பிரிட்ஜஸ், ஸ்டர்டிவன்ட் ஆகியோரின் மக்களுக்கும் கல்விக்காகப் பகிர்ந்தளித்தார். ஈயறையின் புகழ் கூட்டு உழைப்பின் புகழ் என்பதை அவர் செயலால் காட்டிய இடம் இது.

முதுமையில் ஈக்களை மாணவர்களிடம் விட்டுவிட்டு, இளமையில் விரும்பிய கடலுயிர்களிடம் திரும்பினார். கொரோனா டெல் மார் கடற்கரை ஆய்வகத்தில் சியோனா என்னும் கடற்பீற்றியை ஆராய்ந்தார். ஒரே உடலில் முட்டையும் விந்தணுவும் உண்டாகும் உயிரி அது. ஆயினும் தன் உடலின் விந்தணுவை அதன் முட்டை பெரும்பாலும் ஏற்பதில்லை. பிறிதோர் உடலினின்று வந்ததை உடனே ஏற்கிறது. இந்த மறுப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதே இறுதிவரை அவரை ஈர்த்த புதிர். பெண் தேர்கிறது என்பதை நம்பாத அறிஞர், ஏற்கவும் மறுக்கவும் வல்ல முட்டையின் முன்னே தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார்.

1945 டிசம்பர் 4ஆம் நாள் தம் 79ஆம் வயதில் பாசடீனாவில் மார்கன் மறைந்தார். அடுத்த ஆண்டு, எழுபத்தைந்து வயதைக் கடந்த லிலியனுக்கு அக்கழகம் ஆய்வுத் துணைவர் என்ற பதவியை அளித்தது. அவர் வாழ்வில் பெற்ற முதல் முறையான ஆய்வுப் பதவி அது. 1952இல் அவரும் மறைந்தார்.

அவருக்குப் பின் ஈக்கள்

மார்கன் கேட்ட சான்றை அவர் வளர்த்த ஈ இனமே ஒவ்வொன்றாகத் தந்தது.

1948இல் இங்கிலாந்தின் ஆங்கஸ் ஜான் பேட்மன், வெவ்வேறு மரபு அடையாளமுள்ள ஆண்களையும் பெண்களையும் ஒரே புட்டியில் சேர்த்து விட்டார். குஞ்சின் அடையாளத்தைக் கொண்டு பெற்றோரைக் கண்டறிந்தார். ஆண்களில் சிலவே பல மக்களைப் பெறுகின்றன, பெண்களில் அவ்வளவு வேறுபாடு இல்லை என்ற அவர் முடிவு பல்லாண்டுகள் பாடமாக விளங்கியது. 2012இல் பட்ரீசியா கோவாட்டியும் உடன் ஆய்வாளர்களும் அச்சோதனையை மீண்டும் செய்து பார்த்தனர். இரு பெற்றோரின் அடையாளத்தையும் ஒருங்கே பெற்ற குஞ்சுகள் பல, எண்ணப்படுமுன்பே இறந்துவிடுவதால் கணக்குப் பிழையாகிறது என்று அவர்கள் காட்டினர்.

1956இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மார்கரெட் பாஸ்டாக், ஸ்டர்டிவன்ட் குறித்துவைத்த அந்த மஞ்சள் ஆண்களை எடுத்துக்கொண்டார். அவை சிறகதிர்வை இயல்பான ஆண்களைவிடக் குறைவாகவே செய்தன. பெண்கள் ஏற்காமைக்கு அதுவே காரணம் என்று நிறுவினார். அதே ஆண்டில் லண்டனில் ஜான் மேனார்டு ஸ்மித், வேறொரு பழ ஈ இனத்தில் பெண் பக்கவாட்டில் விரைந்து ஆடுவதையும், நெருங்கிய உறவில் பிறந்து வலுவிழந்த ஆண்கள் அவ்வாட்டத்திற்கு ஈடுகொடுக்க இயலாமல் மறுக்கப்படுவதையும் கண்டார். பார்த்து நிற்கும் பெடை, தேர்வு நடத்தும் பெடை என்று தெரிந்தது.

தேர்வு கூடலோடு முடிவதில்லை என்பதும் பின்னர் விளங்கிற்று. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள டிரோசோஃபிலா பைஃபர்கா என்னும் ஈயின் விந்தணு ஏறத்தாழ 5.8 சென்டிமீட்டர் நீளமுடையது என்று 1995இல் அறியப்பட்டது. பெண்ணின் உடலுக்குள் அதனைச் சேமிக்கும் நீண்ட குழலே இந்நீளத்தை வளர்த்தது என்பர். மயிலின் தோகைக்கு ஒப்பான ஒன்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளர்ந்திருக்கிறது.

கூடல் எப்போதும் இருவர்க்கும் நன்மையன்று என்ற கசப்பான உண்மையும் வெளிப்பட்டது. ஆண் ஈயின் விந்தோடு செல்லும் சில பொருள்கள் பெண்ணின் வாழ்நாளைக் குறைப்பதை 1995இல் டிரேசி சாப்மனும் பிறரும் காட்டினர். மறு ஆண்டில் வில்லியம் ரைஸ் ஒரு சோதனையை வெளியிட்டார். பெண்களை மாறாமல் நிறுத்திவைத்து, ஆண்களை மட்டும் பல தலைமுறைகள் பரிணமிக்க விட்டார். ஆண்களின் வெற்றி பெருகியது. அவற்றைக் கூடிய பெண்களோ விரைவில் இறந்தன. பெண்ணும் உடன் மாறிக்கொண்டே வந்ததால்தான் இயற்கையில் இத்தீங்கு மறைந்திருந்தது என்பது தெளிவாயிற்று. ஆணின் மரபு தந்தையிடமிருந்து மகனுக்கே செல்லுமாறு செய்ய அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. இரு எக்ஸ் குரோமோசோம்களும் ஒட்டிய பெண் ஈக்களே அக்கருவி. பதவியும் ஊதியமும் இல்லாமல் ஈயறையில் அமர்ந்திருந்த லிலியன் முதன்முதலில் கண்ட அதே அமைப்பு, முக்கால் நூற்றாண்டு கழித்து, அவர் கணவர் மறுத்த துறைக்கு அடிப்படைச் சான்று தந்தது.

மார்கனின் மறுப்பை அவருடைய குறை என்று மட்டும் கொள்ள நான் விரும்பவில்லை. யாரால் மெய்ப்பிக்க இயலும் என்று அவர் 1903இல் கேட்ட வினா நேர்மையானது, கேட்க வேண்டியது. மெண்டலையும் குரோமோசோமையும் இயற்கைத் தேர்வையும் சான்று கண்டதும் ஏற்ற அவர், இச்சான்றுகளையும் கண்டிருந்தால் ஏற்றிருப்பார் என்றே நம்புகிறேன். ஆனால் சான்றின் முதற்கீற்று 1915இலேயே அவர் அறைக்குள், அவர் மாணவரின் குறிப்பேட்டில் இருந்தது. தாம் வகுத்த முறை காட்டாததை அவர் கண் காணவில்லை. ஸ்டீவன்ஸின் பெயரைப் பாடநூல்கள் காணாமற்போனதும், லிலியனின் பதவி கணவர் மறையும்வரை காத்திருந்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

அன்று உருப்பெருக்கியின்கீழ் நான் பார்த்தபோது, முதலில் ஆணின் சிறகைத்தான் பார்த்தேன். பேராசிரியை சொன்ன பிறகே பெண் ஈயின்பால் என் பார்வை திரும்பியது. அது அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.